கொல்லிமலையைப் பார்த்துப் படுத்திருப்பவர்

சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையின் முகப்பில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். சாரத்தின் மேல் நின்று மூன்றாவது எழுத்துக்கு மஞ்சள் கொடுத்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு லாரி வந்து நின்றது. நாமக்கல் வண்டி, அதன் பின்கதவில் ஊர்ப் பெயர் எழுதியது நான்தான். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பெயிண்டரே, கொஞ்சம் கீழ எறங்குங்க" என்றார். "என்னய்யா அவசரம், பெயிண்ட் காயுதில்ல" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க அருளப்பண்ணன் காலம்பற போயிட்டாருங்க. நாளைக்குக் காலையில அடக்கமாம்" என்றார். தூரிகையை டின்னுக்குள் போட்டுவிட்டு, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

இது போன மாதம் நடந்தது. அருளப்பனைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர் யார் என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மரவேலை பார்த்தார். பங்குக் கோயிலில் யார் இறந்தாலும் சவப்பெட்டி அவர் கையால்தான். சின்னத் தப்பு கண்ணில் பட்டாலும் பட்டறையே அதிரும்படி "நில்லுங்க!" என்று கத்துவார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்களில் முதல் ஆள் நான். அவரைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியதை உள்ளவர்கள் அந்தப் பங்கிலேயே இருக்கிறார்கள். ஆனால், மனைவிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கும்போது அவரை ஏன் வேலியோரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று ஊரே கேட்கிறது. அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது. இனி எல்லோருக்கும் சொல்லலாம்.

நான் ராசிபுரத்துக்காரன், பெருமாள் கோயில் புளியோதரை தின்று வளர்ந்தவன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பட்டறையில் பெயிண்டராகச் சேர்ந்தபோது கிறிஸ்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டிசம்பரில் கேக் கொடுப்பார்கள் என்பதுதான். மீதியை அருளப்பண்ணனிடம் வம்பு பண்ணிப் பண்ணியே தெரிந்துகொண்டேன். சேசுநாதர் ஒரு நாள் திரும்பி வருவார் என்று அவர் சொல்வது, நாளைக்கு மரம் ஏற்றிய வண்டி வரும் என்று சொல்வதுபோல இருக்கும். குரலில் ஒரு உருக்கமும் இருக்காது. எக்காளம் ஊதும், இறந்தவர்கள் எல்லாரும் உடம்போடு எழுந்திருப்பார்கள், எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லும் பொதுத் தீர்வை நடக்கும். இதைச் சொல்லிக்கொண்டே இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

சேசுநாதர் கிழக்கிலிருந்து வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் புதைக்கும்போது தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக வைப்பார்கள். எழுந்து நின்றால் அவர் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கிழக்கு என்றால் கொல்லிமலை. நான் விடுவேனா?

"ஏனுங்கண்ணா, உங்க சாமி கொல்லிமலை மேலயா வாராரு? எறங்கி வர ரெண்டு நாளாகுமே. பாதைகூடச் சரியில்லீங்களே" என்றேன்.

"நீ சிரி. அன்னைக்கு உன்னையும்தான் ஒரு தட்டுத் தட்டி எழுப்புவாங்க."

"எங்களையெல்லாம் எரிச்சுப்போடுவாங்க. எழுப்பறதுக்கு என்ன இருக்கும், சாம்பலா?"

அவர் இழைப்புளியை நிறுத்தி அதன் வாயிலிருந்த மரச்சுருளை ஊதிவிட்டு, "மண்ணுல ஒருக்கா செஞ்சவருக்குச் சாம்பல் பத்தாதா?" என்றார். நான் எரிச்சலோடு பெயிண்ட் கலக்கப் போய்விட்டேன்.

லாரியின் தரைப் பலகைக்கு அடிப்பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள். சேறு அடிக்கிற இடம். அதையும் அவர் இழைத்துத்தான் பூட்டுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். சாயந்திரம் வேலை முடிந்தால் தம் இடத்தைப் பெருக்கி, உளிகளை வரிசையாக வைத்து, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தைத் துடைத்து மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நாளைக்குக் காலையில் பெருக்கினால் போதாதா என்று ஒரு முறை கேட்டேன். "ராத்திரிக்குள்ள வந்துட்டா? இந்தக் குப்பையிலயா அவரை உக்கார வெக்கறது?" என்றார். கடைசி நாளைப் பற்றிப் பயமுறுத்திப் பேசுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷனுக்கு அது விருந்தாளி வருகிற நாள்.

விரல் கதையைச் சொல்லாமல் விட்டால் அவரே எழுந்து வந்து கேட்பார். மனைவி மரியம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் மரம் அறுக்கிற மிஷின் வாளில் அவருடைய இடது சுண்டுவிரலில் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். கட்டுப் போட்டுத் திரும்பி வந்ததும் மனுஷன் மரத்தூளுக்குள் கையை விட்டுத் தேடுகிறார். எடுத்தார், கழுவினார், வெள்ளைத் துணியில் சுற்றினார், கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மரியம்மா கல்லறைக்குப் பக்கத்தில், தமக்கென்று விட்டிருந்த இடத்தில் புதைத்துவிட்டு வந்தார். "எந்திரிக்கிற அன்னைக்கு அங்க இங்க தேடிட்டு நிக்க முடியாதில்ல? கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும்" என்றார். பட்டறை மொத்தமும் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

இனிச் சொல்லப்போவது திரேசாவின் அடக்கம். ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, ஐப்பசி மாதம். திரேசா சவேரியம்மாவின் ஒரே மகள். சவேரியம்மா இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். எங்கள் பட்டறை டீக்கடைக்கும் அவர் பால்தான். பெண்ணுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. டைபாய்டு காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்து ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். நாலு நாளாக விடாத மழை. பட்டறையில் இருந்த மரமெல்லாம் ஊறிப் போயிருந்தது. காய்ந்து கிடந்தவை லாரி பின்கதவுக்கு அறுத்து வைத்த பலகைகள் மட்டும்தான்.

வழக்கமாக அருளப்பண்ணன் செய்கிற பெட்டி தோள்பட்டைப் பக்கம் அகலமாகவும் கால் பக்கம் குறுகலாகவும் இருக்கும். எந்தக் குருடனும் தடவிப் பார்த்தே தலைமாடு எது, கால்மாடு எது என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு அதற்குப் பலகையும் இல்லை, நேரமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அகலமாக, நீளப் பெட்டியாக அடித்தார். தலைமாட்டுப் பலகையில் போல்ட்டுக்குத் துளைத்த ஓட்டை ஒன்று இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று ஒரு மரக்குச்சியைச் சீவி அதை அடைத்தார். மூடியில் தலைப் பக்கம் கறுப்புச் சிலுவையும் பெயரும் எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அந்த ஈரத்தில் பெயிண்ட் எப்படிக் காயும் என்று அவரிடம் கத்திக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

காயவில்லை. சிலுவை அழிந்துவிடக்கூடாது என்று மூடியைத் தனியாக, தார்பாய்க்கு அடியில், என் தலைமேல் வைத்துக் கல்லறைத் தோட்டம்வரை நானே கொண்டுபோனேன். வாசல் கொட்டகையில் பெட்டியை இறக்கினார்கள். சவேரியம்மா மகள்மேல் விழுந்து கிடந்தார். நாலு பெண்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். பங்குச் சாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு, குழியில் தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் என்றார். மூடியை வைத்தோம். அருளப்பண்ணன் ஆணி அடித்தார். வேறு நாலு பேர் தூக்கிக்கொண்டு போய், சிலுவை மேற்கே இருக்கும்படி திருப்பிக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒரு பிடி மண் போட்டுவிட்டு நான் வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு அவரிடம் இரண்டு மாற்றங்கள். ஒன்று அந்த "நில்லுங்க!" அதுவரை மெதுவாகப் பேசுகிற மனுஷன். இப்போது ஒரு பலகை முக்கால் அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் எங்கிருந்தோ சத்தம் வரும், எல்லாரும் கையில் இருப்பதோடு அப்படியே நிற்க வேண்டும். அவர் வந்து பார்ப்பார், "சரி, நடக்கட்டும்" என்பார். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஒன்றும் இருக்காது. போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்று நான் நக்கல் பண்ணுவேன்.

இன்னொன்று, டீயை விட்டுவிட்டார். ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்தவர். காலையில் சவேரியம்மா பால் தூக்கோடு பட்டறையைக் கடந்து போகும்போது, "ஏனுங்கண்ணா, காச்சல் வந்த ஊட்டுப் பாலுன்னு வேண்டாம்னுட்டீங்களா?" என்று நின்று கேட்பார். இவர் பலகையைப் பார்த்துக்கொண்டே, "வயிறு சரியில்லீங்கம்மா" என்பார். அந்த அம்மாள் முகம் சுருங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் டீ குடித்தால் என்ன குறைந்துவிடும் உனக்கு என்று மனதுக்குள் அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் சேருகிறது, உலகம் அழியப்போகிறது என்று ஜோசியர்கள் சொல்லி, ஊரெல்லாம் யாகமும் பூஜையுமாக இருந்தது. வளர்த்த கோழியை எல்லாம் அறுத்துத் தின்று தீர்த்தார்கள். லாரிகள் ஓடவில்லை. எங்கள் முதலாளி, "மூணு நாள் கழிச்சு இருந்தா வாங்க" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டார். இருந்தா என்று அவர் சொன்னது வேலையைப் பற்றியல்ல, எங்களைப் பற்றி. எனக்கும் பயம்தான், மறைப்பானேன். வீட்டில் இருந்தால் எல்லாரும் அழுது பயத்தைக் கூட்டுகிறார்கள் என்று பட்டறைக்குப் போனேன். அருளப்பண்ணன் ஒருவர் மட்டும் வழக்கம்போலப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா, உங்க ஆளு இந்த மூணு நாள்ல வாராரா?" என்று கேட்டேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

"நாள் குறிச்சு வாரதுக்கு அவரென்ன பொண்ணு பாக்கவா வாராரு? ஜோசியன் சொன்ன நாள்ல மட்டும் வர மாட்டாரு. நீ போய் பிரஷ்ஷைக் கழுவு" என்றார்.

எனக்குத் தெம்பு வந்தது. பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இழைப்புளிச் சத்தம் இல்லை. லாரிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து கைகளைத் தொங்கப் போட்டிருந்தார். "ஒருவேளை வந்துட்டாருன்னா, ஒரே ஒருத்தர்கிட்ட நான் பதில் சொல்லணும் தம்பி" என்றார்.

அன்று பகல் முழுவதும் பேசினார். திரேசாவின் பெட்டி குழிக்குள் இறங்கியபோது அவர் கிழக்கு ஓரத்தில் நின்றிருக்கிறார். பெட்டியின் இந்தப் பக்கப் பலகையில், தாம் மரக்குச்சி வைத்து அடைத்த ஓட்டையைப் பார்த்திருக்கிறார். அது தலைமாட்டுப் பலகை. மூடி மாறி வைக்கப்பட்டிருக்கிறது. சிலுவை காலுக்கு மேலே இருக்கிறது. அதைப் பார்த்து இறக்கியதால் பெண்ணின் தலை கிழக்கே போய்விட்டது.

"'நில்லுங்க'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தம்மா குழியில விழப் பாக்குது. கயிறு வழுக்குது. சாமியாரு செபம் சொல்லிட்டிருக்காரு. இத்தன பேருக்கு முன்னால, அந்த ஆத்தாளுக்கு முன்னால, எப்படிச் சொல்றதுன்னு ஒரு நொடி யோசிச்சேன். ஒரே நொடிதான். அதுக்குள்ள மண்ணு விழுந்திருச்சு. ஒத்தச் சொல்லு தம்பி. சொல்லாம உட்டுப்போட்டேன்."

மறுநாளே பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். தோண்டித் திருப்பி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சாமியார் நல்லவர். "எழுப்பத் தெரிந்தவருக்குத் திருப்பத் தெரியாதா அருளப்பா? அந்தத் தாயை இன்னொரு தடவை கொல்லாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் அதையே சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அவருக்குத் தெரியும்டா, அது எனக்குத் தெரியாதா? புள்ளைக்குத் தெரியணுமே. தூக்கத்துல இருந்து எந்திரிக்கறாப்பல எந்திரிக்குது. எதுத்தாப்பல வேலியும் கள்ளிச் செடியும். அக்கம் பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் எங்கியோ பாத்துட்டு நிக்கறாங்க. வெளிச்சம் முதுகுல அடிக்குது. பயந்துக்காதா? அந்த ஒரு நிமிசம் அது தனியா நிக்குமே, என்னால. அவளோட ஆத்தா வேற ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வந்து, தலைமாடுன்னு நெனச்சுக் கால்மாட்டுல பூவை வெச்சு மண்ணைத் தடவுது. நான் எப்படி அந்தம்மா பாலைக் குடிப்பேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை, தார்பாய், என் தலைமேல் மூடி. கொட்டகையில் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று எல்லாரையும் அதட்டிக்கொண்டு அந்த மூடியைப் பெட்டிமேல் வைத்தவன் யார்? "அண்ணா, மூடியை வெச்சது நான்தானே?" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "ஆணி அடிச்சவன் நான். அடிக்கறதுக்கு முன்னால பாக்க வேண்டியதும் நான். உன்ற வேலை பெயிண்டு" என்றார். நாலு வருஷத்துக்கு மேல் அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. நான் அவரைப் போலீஸ்காரன் என்று நக்கல் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், வாய்விட்டு அழுதேன்.

கிரகங்கள் சேர்ந்தன, பிரிந்தன, ஒன்றும் ஆகவில்லை. முதலாளி பழனியிலிருந்து மொட்டைத் தலையோடு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருளப்பண்ணன் பங்குச் சாமியாரிடம் போய் ஓர் இடம் கேட்டார். திரேசாவின் சிலுவைக்கு நேர் மேற்கே, வேலியை ஒட்டி, அடியில் பாறை தட்டும் என்று யாரும் வேண்டாத இடம். சாமியார் காரணம் கேட்காமலே கோயில் ஏட்டில் எழுதிக்கொண்டாராம். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் புரியவில்லை. அருளப்பண்ணன் பென்சிலை எடுத்து ஒரு பலகையில் படம் போட்டுக் காட்டினார். "பாரு. புள்ளை மேக்க பாத்து எந்திரிக்கும். நான் இங்க, அவளுக்கு எதுத்தாப்பல, கெழக்க பாத்து எந்திரிப்பேன். அவ கண்ணைத் தொறந்தா முதல்ல என்ற மூஞ்சி தெரியும். தெரிஞ்ச மூஞ்சி. பயப்பட மாட்டா. 'திரேசா, அங்கிட்டு இல்ல சாமி, பின்னால பாரு'ன்னு சொல்லிப்போடுவேன். அவ்வளவுதான் எனக்கு வேலை."

"அக்கா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்றேன். மரியம்மாவை நான் அக்கா என்றுதான் சொல்வேன்.

"அவ நேராத்தான் படுத்திருக்கா. கண்ணைத் தொறந்தா அவரே நிப்பாரு. அவளுக்கு நான் எதுக்கு?"

"அப்ப உங்க விரலு?"

"முப்பதடிதான். நடந்து போய் எடுத்துக்குவேன்" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "இந்த விசயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அந்தம்மா கேட்டா மட்டும் மறைக்காத. கேக்காட்டி சொல்லாத."

அதன் பிறகு நான் சேலத்துக்குக் குடிமாறி, கடைப் பலகைகள் எழுதிப் பிழைக்க ஆரம்பித்தேன். நாமக்கல் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன். போன தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோனபோது இருமிக்கொண்டே, "கொல்லிமலைப் பாதையைச் சரி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். பல வருஷத்துக்கு முந்தைய என் நக்கலை எனக்கே திருப்பிக் கொடுத்தார். அதுதான் கடைசி.

அடக்கத்தன்று மழை இல்லை. நல்ல வெயில், கொல்லிமலை தெளிவாகத் தெரிந்தது. பெட்டியைப் பட்டறைக்காரர்கள் செய்திருந்தார்கள். தோள் பக்கம் அகலம், கால் பக்கம் குறுகல், அவர் பழக்கிவிட்ட அளவு. சிலுவையும் பெயரும் நான் எழுதினேன். தப்பு நடக்க வழியே இல்லை. ஆனாலும் கயிறு கட்டி இறக்கத் தொடங்கியதும் என்னையறியாமல் "நில்லுங்க!" என்று கத்திவிட்டேன். சாமியார் செபத்தை நிறுத்தினார். கயிறு பிடித்த நாலு பேரும் அப்படியே நின்றார்கள். நான் மண்ணில் முட்டி போட்டுக் குனிந்து, அகலமான பக்கம் மேற்கே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. "சரியா இருக்குது, எறக்குங்க" என்றேன். "ஆளு போயும் சத்தம் போகலையே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அருளப்பண்ணன் மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகு சவேரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். இப்போது எழுபதைத் தொட்டிருப்பார். முகமெல்லாம் கோபம்.

"ஏனுங்க பெயிண்டரே, இது நாயமுங்களா? கண்ணாலமாகாத புள்ள. அவ தலைமாட்டுக்கு நேரா ஒரு ஆம்பளையக் காலை நீட்டிப் படுக்க வெச்சுப்போட்டீங்களே! அவரு பொண்டாட்டிகிட்ட எடம் சும்மாத்தானே கெடக்குது? என்ற புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

அம்மாள் கேட்டுவிட்டார். அங்கேயே, மகளின் சிலுவைக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்துச் சொன்னேன். மூடியை மாற்றி வைத்தவன் நான் என்பதிலிருந்து தொடங்கினேன். ஓட்டையை அடைத்த குச்சி, வாய்வரை வந்து நின்ற சொல், பலகையில் போட்ட படம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

சவேரியம்மா சிலுவைக்கு அடியில் இருந்த மண்ணைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப இது தலைமாடு இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா. கால்மாடு."

"இத்தன வருசமா நான் காலைத்தான் தடவிட்டு இருந்தனா?" தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "காச்சல்ல கெடந்தப்ப, கால் நோவுது, புடிச்சு விடும்மான்னுதான் ராப்பகலா அழுதா. எருமைக்குத் தண்ணி காட்டணும்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன். போகட்டும், புடிச்சு விட்டாப்பல ஆச்சு."

பிறகு எழுந்து, மெதுவாகக் கிழக்குப் பக்கம் சுற்றிப் போய், அங்கே உட்கார்ந்தார். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். முன்தலை முடியை ஒதுக்கிவிடுவதுபோல மண்ணை இரண்டு பக்கமும் ஒதுக்கினார். அங்கிருந்தபடியே, "அதுக்குத்தான் என்ற பாலை வேண்டாம்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கிறுக்கு மனுசன். எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே ஊத்திக் குடுத்துக் குடிங்கன்னு சொல்லியிருப்பனே" என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

போகும்போது அருளப்பண்ணனுடைய புது மண்ணுக்குப் பக்கத்தில் நின்று, கூலி ஆளுக்கு வேலை சொல்வதுபோலச் சொன்னார்: "அண்ணா, சத்தமாக் கூப்புடோணும்னு இல்லீங்க. சின்னதுல இருந்தே ஒரு சத்தத்துக்குத் திரும்பற புள்ள அது. திரேசான்னு சொன்னாப் போதும்."

மறுநாள் அருளப்பண்ணன் மகள் மூலைமட்டத்தை என்னிடம் நீட்டினாள், அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி. பெயிண்டருக்கு மூலைமட்டம் எதற்கம்மா, பட்டறையில் யாருக்காவது கொடு என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு சொல். இவ்வளவு வயதில் எத்தனையோ இடங்களில், தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தும், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று அதை விழுங்கியிருக்கிறேன். இனி விழுங்க மாட்டேன்.

எனக்கு எழுகிற நாள் உண்டா, என் சாம்பல் எந்த ஆற்றில் போகும் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் அருளப்பண்ணன் எழுந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொல்லிமலைமேல் வெளிச்சம் வரும். எல்லாரும் அதையே பார்த்து நிற்பார்கள். அவர் மட்டும் எதிரே நிற்கிற பெண்ணைப் பார்ப்பார். அவள் திரும்புவதற்குள் எதுவும் தொடங்கிவிடக்கூடாது என்று, வருகிறவர் யாரென்றும் பாராமல், "நில்லுங்க!" என்று ஒரு சத்தம் போடுவார். வருகிறவரும் நிற்பார்.